ஓர் எண்ணை நம்பி ஒரு யந்திரம்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் காலத்தில், சென்னை அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்குச் சென்றால், தகப்பனாரும் பிள்ளையுமாக, சில சமயம் தாயாரும் உடன் வர, ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கடை ஏறி இறங்குவதைக் காணலாம். ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற நாளிலிருந்தே மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன அந்தக் குறுகலான தெருவில், இன்று பிள்ளைகள் மிகுந்த ஆசையோடு கேட்கும் வஸ்துக்களில் ஒன்று விளையாட்டுக் கணினி. சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், சீட்டு எடுத்தும், பண்டிகை முன்பணத்தைத் தொடாமல் வைத்திருந்தும் அந்தக் குடும்பம் கொண்டுவரும் 50,000 ரூபாயோ 60,000 ரூபாயோ, அந்த வீட்டின் வரவு செலவில் சிறிய தொகையன்று. அது எவ்விதம் செலவாகிறது என்பதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். ஏனெனில், தெரியாமையினால் அந்தப் பணத்தில் ஒரு பெரும் பகுதி வீணாவதைத் தடுக்க முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடை வாசல்களிலும் கைப்பேசிக்கு வரும் விளம்பரங்களிலும் பொதுவாகக் காணப்படுவது நான்கு எண்கள்: ஐ-7 பிராசசர், 16 ஜி.பி. ரேம், 4 ஜி.பி. கிராபிக்ஸ், 500 வாட். எண் பெரிதாக இருந்தால் பொருளும் உயர்ந்ததாக இருக்கும் என்று எண்ணுவது மனித சுபாவம். அரிசியையும் எண்ணெயையும் அளந்து வாங்கிப் பழகியவர்கள், யந்திரத்தையும் அப்படியே அளந்துவிடலாம் என்று நம்புவதில் ஆச்சரியம் இல்லை. ஆயினும் ஒரு கணினியின் தகுதி அதன் அங்கங்களுக்கு இடையேயுள்ள பொருத்தத்தில் இருக்கிறதே தவிர, அவற்றுள் ஏதோ ஒன்றின் மேல் அச்சிட்டுள்ள எண்ணில் இல்லை. கையில் பணம் குறைவாக உள்ளவருக்கே இந்தப் பொருத்தம் மிகவும் அவசியமாகிறது.

முதலில் அந்த 'ஐ-7' என்பதை எடுத்துக்கொள்வோம். இன்டெல் நிறுவனம் 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட ஐ-7 2600 என்ற பிராசசரும் ஐ-7 தான். பல ஆண்டுகள் கழித்து வந்ததும் அதே வம்சப் பெயரைத் தாங்கியதாக இருக்கலாம். அந்த 2011-ஆம் ஆண்டுப் பிராசசரில் நான்கு கோர்களும் (கணக்கிடும் அங்கங்கள்) எட்டுத் திரெட்டுகளும் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைச் சரங்கள்) உண்டு. 2022-இல் அதே நிறுவனம், கீழ்ப்படியில் உள்ளவர்களுக்கென்று வெளியிட்ட ஐ-3 12100 என்பதிலும் சரியாக அதே நான்கும் எட்டும் இருக்கின்றன; ஆனால் இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளின் அபிவிருத்தியினால், பிந்தைய ஐ-3 முந்தைய ஐ-7ஐ எல்லா வகையிலும் வெகுதூரம் விஞ்சி நிற்கிறது. இதை அறியாத தகப்பனார், 'ஐ-3 எதற்கு, ஐ-7 கிடைக்கிறதே' என்று சந்தோஷத்தோடு பழைய பிராசசரையும், அதற்கென்று புதிதாகச் செய்து விற்கப்படும் பெயர் தெரியாத மதர்போர்டையும் வாங்கிச் செல்கிறார். வீட்டுக்குப் போன பிறகுதான் வேறொரு சங்கடம் தெரியவருகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-ஐயோ, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில், மிகச் சில நீங்கலாக, நிறுவுவதை அந்த நிறுவனம் அங்கீகரிப்பதில்லை. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் என்ற விளையாட்டை ஆட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் கட்டாயம். பிள்ளை எந்த விளையாட்டுக்காகக் கணினி கேட்டானோ, அந்த விளையாட்டே அதில் திறக்க மறுக்கும்படி நேர்கிறது.

'4 ஜி.பி. கிராபிக்ஸ்' என்ற வாசகம் இதைவிடவும் அநியாயமானது என்றே சொல்வேன். கிராபிக்ஸ் கார்டில் உள்ள நினைவகம், சித்திரங்களை வைத்துக்கொள்ளும் இடம் மாத்திரமே. அந்தச் சித்திரங்களைத் தீட்டும் சக்தி வேறு. 2014-இல் வெளிவந்த ஜி.டி. 730 என்ற மிகச் சாதாரணமான கார்டில் 4 ஜி.பி. நினைவகத்தை ஒட்டி இன்றைக்கும் விற்கிறார்கள். அந்த இடம் முழுவதையும் நிரப்பிப் பயன்படுத்தும் சக்தி அதற்குக் கிடையாது. இந்தக் குழப்பத்துக்குக் கடைக்காரர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது; உற்பத்தி செய்யும் பெரிய நிறுவனங்களே இதற்கு வழி காட்டியிருக்கின்றன. என்விடியாவின் ஜி.டி. 1030 முதலில் வேகமான நினைவகத்தோடு வந்தது. 2018-இல் அதே பெயரில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகமே உள்ள நினைவகத்தோடு இன்னொன்று சந்தைக்கு வந்தது. 2022-இல் அந்த நிறுவனம் ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட கார்டுகளை அறிவித்து, பலத்த ஆட்சேபம் எழுந்த பிறகு, அவற்றுள் 12 ஜி.பி. கார்டை அக்டோபர் மாதத்தில் வாபஸ் பெற்றது. விலை உயர்ந்த கார்டு என்பதால், விஷயம் அறிந்தவர்கள் கூக்குரலிட்டு அதைத் தடுத்தார்கள். கீழ்ப்படியில் நிற்கும் ஏழை வாங்குபவருக்காக அவ்விதம் குரல் எழுவது அபூர்வம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? திரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். பிராசசரிலிருந்து தொடங்கி, கார்டு, ரேம் என்று வாங்கிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சிய காசுக்கு ஒரு மானிட்டர் என்பதுதான் வழக்கமாக நடப்பது. பல சமயங்களில் மானிட்டர், கீபோர்டு, யு.பி.எஸ். ஆகியவை கணக்கிலேயே இல்லாமல் தொகை நிர்ணயிக்கப்பட்டுப் பிறகு திண்டாட்டம் உண்டாகிறது. உண்மையில், ஒரு விளையாட்டுக் கணினி செய்யும் வேலையெல்லாம் திரையில் உள்ள புள்ளிகளை ஒவ்வொரு கணமும் புதிதாகத் தீட்டுவதுதான். 1080பி என்று வழங்கும் சாதாரணத் திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 4கே திரையிலோ சரியாக அதைப்போல் நான்கு மடங்கு. வினாடிக்கு அறுபது சித்திரங்கள் வேண்டுமானால், ஒரு சித்திரத்தைத் தீட்டி முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லி வினாடி. வினாடிக்கு 144 என்றால் ஏழு மில்லி வினாடிகூட இல்லை. அந்த அவகாசத்துக்குள், எதிரி எங்கே நிற்கிறான், சுவர் எப்போது இடியும், குண்டு எங்கே பாயும் என்று கணக்கிடுவது பிராசசரின் பொறுப்பு; அந்தக் கணக்கை வர்ணமும் நிழலும் வெளிச்சமுமாக்கித் திரையில் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு. இரண்டில் எது தாமதித்தாலும் மற்றது சும்மா காத்திருக்க நேரிடும். காத்திருக்கும் அந்த அங்கத்துக்குக் கொடுத்த பணம் அந்த அளவுக்கு வீண்.

ஆகவே, பிள்ளை எதை ஆடப் போகிறான் என்ற கேள்வியைப் பெற்றோர் கௌரவக் குறைவாக நினைக்காமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். வாலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற போட்டி விளையாட்டுகளில் சித்திர வேலைப்பாடு எளியது. அங்கே வேகமான பிராசசரும் வேகமாகப் புதுப்பிக்கும் மானிட்டரும் பிரயோசனப்படும். நடுத்தரக் கார்டே போதும். சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகளிலோ, நகரம் முழுவதும் மழையும் விளக்கொளியும் பிரதிபலிக்க வேண்டியிருப்பதால், பாரம் முழுவதும் கார்டின் மீது இறங்குகிறது. முதல் வகையை மட்டுமே ஆடும் பெண்ணுக்குப் பெரிய கார்டு வாங்கிக் கொடுப்பதும், இரண்டாம் வகைக்கு ஏங்கும் பையனுக்குப் பெரிய பிராசசர் வாங்கிக் கொடுப்பதும், அன்பினால் செய்யப்படும் அபவ்யயம்.

பொருத்தம் என்று மீண்டும் மீண்டும் சொல்வதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2024 டிசம்பரில் இன்டெல் நிறுவனம் ஆர்க் பி580 என்ற கிராபிக்ஸ் கார்டை வெளியிட்டது. அந்த விலைப்படியில் மற்றவர்கள் 8 ஜி.பி. நினைவகத்தோடு நிறுத்திக்கொண்டபோது, இது 12 ஜி.பி.யோடு வந்தது, சோதித்துப் பார்த்தவர்கள் பலரும் மெச்சினார்கள். ஆனால் அவர்கள் அதைச் சோதித்தது, வழக்கப்படி, அப்போதைய மிக வேகமான பிராசசரோடு இணைத்து. அடுத்த சில வாரங்களில் அதையே பழைய பிராசசர்களோடும், குறைந்த விலைக் கணினிகளில் சாதாரணமாக இடம்பெறும் ரைசன் 5 5600 போன்றவற்றோடும் இணைத்துப் பார்த்தபோது, சில விளையாட்டுகளில் அதன் வேகம் கணிசமாகக் குறைவது வெளிப்பட்டது. அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள் பிராசசரின் மீது அதிகப் பாரத்தைச் சுமத்தியதே காரணம். கார்டில் பழுதில்லை, பிராசசரிலும் பழுதில்லை. இரண்டின் சேர்க்கையில்தான் குறை. கடை வாசலில் எழுதும் எந்த எண்ணும் இதைச் சொல்லாது. எந்தக் கார்டு நல்ல கார்டு என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தப் பிராசசரோடு இந்தத் திரையில் இந்த விளையாட்டுக்கு எந்தக் கார்டு என்று கேட்பதே விவேகம்.

தொகையைப் பங்கிடும்போது, கதை விளையாட்டுகளையும் ஆட விரும்புகிறவர்கள் மானிட்டர் முதலியவை நீங்கலாகக் கணினிப் பெட்டிக்கென்று ஒதுக்கியதில் மூன்றில் ஒரு பங்கையோ சற்று அதிகமாகவோ கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுப்பது தகும். அந்தப் பங்குக்குக்கூடப் பணம் போதாதென்றால், அரைகுறைக் கார்டு ஒன்றை வாங்குவதைவிட, கார்டே வாங்காமல் தொடங்குவது மேல். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்ற பிராசசர்களில் ஓரளவு சித்திர சக்தி உள்ளேயே அமைந்திருக்கிறது. வாலரன்ட் முதலியவற்றை அதைக்கொண்டு நிம்மதியாக ஆடலாம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துப் பணம் சேர்ந்ததும் நல்ல கார்டாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம். இவ்விதம் திட்டமிடுகிறவர்கள் ஒரு விஷயத்தில் சிரத்தையாக இருக்க வேண்டும். இன்டெல் பிராசசரின் பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் சித்திர சக்தி கிடையாது. விலை குறைவென்று அதை வாங்கிவிட்டால், கார்டு வரும்வரை திரையில் ஒன்றுமே தெரியாது.

மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பது வருங்காலத்தைத் தேர்ந்தெடுப்பதாகும். 2017-இல் ஏ.எம்.டி.யின் முதல் ரைசனோடு சாதாரண பி350 மதர்போர்டு வாங்கியவர், ஐந்து ஆண்டு கழித்து, ரேமையும் போர்டையும் மாற்றாமல், பயாஸ் மென்பொருளை மட்டும் புதுப்பித்து, ரைசன் 5000 வரிசைப் பிராசசரை அதே குழியில் பொருத்திக்கொள்ள முடிந்தது. மத்தியதரக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்தத் தள்ளுபடியும் செய்யாது. அந்தக் குழிக்கு உரிய ஏ.எம்.4 வரிசை இப்போது தன் ஆயுளின் கடைசிப் படியில் நிற்கிறது. 2022-இல் தொடங்கிய ஏ.எம்.5 வரிசையை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. வாக்களித்திருப்பதால், சில ஆயிரம் கூடினாலும் புதிய வரிசையில் கால் வைப்பதே நன்று என்று சாதாரண காலமாக இருந்தால் தயக்கமின்றிச் சொல்லியிருப்பேன்.

இது சாதாரண காலமன்று. ஏ.எம்.5 போர்டுகளுக்கு டி.டி.ஆர்.5 ரேம் தேவை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தைக் கடைக்குப் போனவர்கள் அறிவார்கள். உலகத்துக்கு வேண்டிய ரேம் சில்லுகளில் மிகப் பெரும் பகுதியைச் செய்வன சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கென்று எழுப்பப்படும் பிரம்மாண்டமான கணினி நிலையங்கள் அவற்றின் உற்பத்தியை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. லாபம் மிகுந்த அந்தப் பக்கமே ஆலைகளும் திரும்பிவிட்டன. வீட்டு உபயோகக்காரர்கள் நெடுங்காலமாக நம்பி வாங்கிவந்த குரூஷியல் என்ற தன் வியாபாரத்தையே மூடிவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு தேசத்தில் எழும்பும் கட்டடத்துக்காகத் திருச்சியிலோ தூத்துக்குடியிலோ உள்ள ஒரு மாணவன் ரேமுக்கு அதிக விலை கொடுக்க நேர்வது மனத்தை வருத்துகிறது. இந்த நிலைமையில், பழைய ஏ.எம்.4 கணினியிலிருந்து டி.டி.ஆர்.4 ரேம் கைவசம் வைத்திருப்பவர் அதே வரிசையிலேயே தங்கிவிடுவதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியவர் ஏ.எம்.5-இல் 16 ஜி.பி.யோடு தொடங்கட்டும், 32 ஜி.பி. இன்று ஆடம்பரம். ரேமை இரண்டு துண்டுகளாகப் போடுவது, பிராசசரோடு இரு வழிகளில் பேச இடமளிப்பதால், வேகத்துக்கு உகந்தது. பேரத்தில் கடைக்காரர் ஒற்றைத் துண்டாக மாற்றிக் கொடுத்தால், அது ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

விளையாட்டுகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.யைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய விளையாட்டுகள் பல 100 ஜி.பி.யைத் தாண்டிவிட்டமையால், 500 ஜி.பி. விரைவில் நிறைந்துவிடும், முடிந்தால் 1 டி.பி. வாங்குவது நல்லது. பழைய சுழல் வட்டை விளையாட்டுக்கு உபயோகிக்கும் காலம் போய்விட்டது.

யாரும் கவனியாத அங்கம் ஒன்று உண்டு, அதுவே எஸ்.எம்.பி.எஸ். என்று எல்லோரும் வழங்கும் மின்பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, கணினியின் நுட்பமான பாகங்கள் தாங்கும் 12 வோல்ட்டாகவும் அதற்குக் கீழும் மாற்றி, ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக வழங்குவது அதன் கடமை. அந்தக் கடமையை அது தவறினால், தான் மட்டும் கெடுவதில்லை. மதர்போர்டையும் கார்டையும் உடன் அழைத்துக்கொண்டு போகும். அப்படியிருந்தும், கேபினெட் வாங்கினால் இலவசமாக வரும் மின்பெட்டியையே வைத்து ஒப்பேற்றுவது நம் கடைகளில் சர்வ சாதாரணம். அதன் மீது 450 என்றோ 500 என்றோ எழுதியிருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே அதன் லேசான கனம் உள்ளே இருக்க வேண்டியவை இல்லை என்பதைத் தெரிவித்துவிடும். மின்சாரம் அடிக்கடி போய்த் திரும்பி வரும், மாலை வேளைகளில் வோல்டேஜ் தாழ்ந்து உயரும் நம் சிற்றூர்களில், இது நெருப்போடு விளையாடுவதற்கு ஒப்பாகும்.

நல்ல மின்பெட்டிக்கு மிகப் பெரிய வாட் எண் வேண்டுமென்பதில்லை. ரைசன் 5 5600-இன் மதிப்பீடு 65 வாட், ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட். ஏனைய பாகங்களையும் சேர்த்தாலும் இத்தகைய கணினி 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். யோக்கியமான கம்பெனியின் 550 வாட் பெட்டி, பிற்காலத்தில் பெரிய கார்டு போடுவதற்கும் போதுமானது. 80 பிளஸ் என்ற முத்திரையைப் பார்த்து வாங்குவது நல்லதே. ஆனால் அந்த முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதைத்தான் சோதித்துச் சொல்கிறதேயன்றி, ஆபத்து நேரும்போது மின்பெட்டி தன்னையும் பிறவற்றையும் காக்குமா என்பதைச் சொல்வதில்லை. அதற்கு நான் நம்பும் அடையாளம் வாரண்டி. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ வாரண்டி தரும் கம்பெனி, தன் பொருளின் ஆயுளைப் பற்றித் தானே ஜாமீன் நிற்கிறது. வர்ண விளக்குகள் எரியும் விசிறிகளுக்கும் கண்ணாடிக் கேபினெட்டுக்கும் போகும் இரண்டாயிரம் மூவாயிரத்தை எடுத்து இங்கே செலவிடுங்கள் என்று ஒவ்வொரு தகப்பனாரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். கத்திரி வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அறையில், முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் அடைத்த பெட்டிக்குள் கார்டு படும் துன்பத்தை எண்ணிப் பார்த்தால், முன்பக்கம் வலை போட்ட சாதாரணக் கேபினெட்டே அழகானது என்று தோன்றும்.

உபயோகித்த கார்டை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எதீரியம் நாணயத்தைக் கார்டுகளைக் கொண்டு தோண்டி எடுக்கும் தொழில் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தையில் இறங்கின. அவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கண்ணெதிரே அரை மணி நேரம் கடினமான விளையாட்டை ஓட்டிக் காட்டி, மிச்ச வாரண்டிக்கு மூல பில்லும் கொடுக்கிறவரிடம் தாராளமாக வாங்கலாம். மற்றவரிடம் வேண்டாம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த கோரிக்கைக்கு வருகிறேன். அசெம்பிள் செய்த கணினிக்குக் கொடுக்கப்படும் பில்களை வாங்கிப் பாருங்கள்: 'கம்ப்யூட்டர் சிஸ்டம் – 1' என்று ஒரு வரி, அதன் எதிரே தொகை, 18 சதவீத ஜி.எஸ்.டி.; பலவற்றில் அவ்வளவுதான். எந்தக் கம்பெனியின் ரேம், எந்த மாடல் மின்பெட்டி, கார்டின் முழுப் பெயர் என்ன, சீரியல் எண் என்ன என்பவை ஒன்றும் அதில் இரா. வாரண்டியோ ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக, அதன் சீரியல் எண்ணைக் கொண்டே வழங்கப்படுகிறது. இரண்டாவது வருஷத்தில் கார்டு பழுதாகி, விற்ற கடையும் இடம் மாறிவிட்டால், அந்த ஒற்றை வரிப் பில்லை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் எந்தக் கதவைத் தட்டும்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளின் தரம், அளவு, திறன், விலை முதலியவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை வாங்குபவருக்கு ஸ்பஷ்டமாக அளித்திருக்கிறது. '4 ஜி.பி. கிராபிக்ஸ்' என்று மட்டும் சொல்லி விற்பது அந்த உரிமையின் உயிர்நாடியைத் தொடுவதாகும். வியாபாரிகளின் சங்கங்கள் தாங்களாகவே முன்வந்து, கொட்டேஷனிலும் பில்லிலும் எல்லாப் பாகங்களின் முழுப் பெயரையும், அவை வெளியான ஆண்டையும், சீரியல் எண்ணையும் எழுதுவதை ஒரு நியதியாக ஏற்படுத்தலாம். அவர்கள் முன்வராவிட்டால் அரசாங்கத்தின் நுகர்வோர் துறை அதைக் கட்டாயமாக்குவதில் தவறொன்றும் இல்லை. மருந்துக் கடைக்காரர் மாத்திரையின் பெயரையும் பேட்ச் எண்ணையும் பில்லில் எழுதுகிறார். அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளை விற்பவருக்கு அது எப்படிப் பாரமாகும்?

அந்த நியதி வரும்வரை வாங்குகிறவர்களே அதைக் கேட்டுப் பெற வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முதல்நாளே கொட்டேஷனை எழுத்தில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளையைக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு எண்ணையும் இணையத்தில் தேடச் செய்து, இன்னது இன்ன ஆண்டில் வந்தது, இதற்கு இது பொருந்தும் என்று அவன் வாயாலேயே விளக்கம் கேளுங்கள். பாகங்களைக் கண்ணெதிரே பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். வெறும் பெட்டிகளையும் விடாமல் கேட்டு வாங்கி வாருங்கள். பல கம்பெனிகள் வாரண்டிக்கு அவற்றின் மேல் ஒட்டிய சீரியல் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்து கொடுக்கும் கடைகள் ரிச்சி தெருவிலேயே இருக்கின்றன. அங்கே ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்.